வாய் விட்டுச் சொல்வது எப்படி? மனக்கஷ்டத்தை இதுவரை யாரிடமும் சொல்லாத ஆண்களுக்கு

“மனசு விட்டுப் பேசு” என்பது ஆண்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளிலேயே அதிகம் உதவாத ஒன்று. தப்பான அறிவுரை இல்லை, ஆனால் ரொம்பப் பெரியது. “ஆம்பளப் பையன் அழலாமா” என்று கேட்டு வளர்ந்து, எதையும் உள்ளுக்குள்ளேயே அமுக்கிப் பழகிய ஒருவரிடம் திடீரென்று எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால் என்ன செய்வார்? சிரித்து மழுப்புவார். இல்லையென்றால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல, கொஞ்சம் டயர்டு” என்று எழுந்து போய்விடுவார். ஆகவே இங்கே மனசு விடும் வேலையைத் தள்ளி வைத்துவிடலாம். ஒரே ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்கும் முன்னால் ஒன்று. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறது, எப்படி, எப்போது என்பதுவரை யோசனை போய்விட்டது என்றால் படிப்படியாகப் போக நேரமில்லை. இங்கேயே நிறுத்திவிட்டு உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, ஆஸ்திரேலியாவில் 13 11 14. வேறு எங்கே இருந்தாலும், அல்லது எண் கிடைக்கவில்லை என்றாலும், பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். தனியாக இருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான பொருள் எதுவும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். சாக வேண்டும் என்ற அந்த வேகம் அலை மாதிரி ஏறி இறங்கக்கூடியது. அது இறங்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இது வெறும் களைப்பா, அதற்கு மேலா?

சுவீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. மனச்சோர்வைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுக்க, தீவின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். தற்கொலைகள் குறைந்தன. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது பெரும்பாலும் பெண்களின் எண்ணிக்கை. ஆண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே நின்றது. ஆண்கள் மருத்துவரிடம் போகவே இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர்களுடைய மனச்சோர்வு சோகமாகவும் அழுகையாகவும் வெளியே தெரியவில்லை என்பது. எரிச்சல், ஆத்திரம், குடி, நிதானமில்லாத காரியங்கள் என்று வேறு உருவத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் வொல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவர் ஆண்களின் மனச்சோர்வுக்கென்று தனியாக ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு லட்சம் ஆண்களுக்கு 12.6 பேரும் ஒரு லட்சம் பெண்களுக்கு 5.4 பேரும் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்படுபவர்களில் பெண்கள்தான் அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை ஆண்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள் என்பது ஓரளவு விளங்கும்.

எனவே “நான் அழவில்லையே, எனக்கென்ன” என்று நினைக்க வேண்டாம். வேறு அடையாளங்களைத் தேடுங்கள். வேலை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறீர்கள். இறங்க மனமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, போனில் எதையும் படிக்காமலே விரலால் தள்ளிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே போனதும் பிள்ளை தண்ணீரைக் கொட்டியதற்கு வீடே அதிரக் கத்துகிறீர்கள். அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சியில் ராத்திரி முழுக்க யாரிடமும் பேசுவதில்லை. படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனால் மூணு மணிக்கு டாண் என்று விழிப்பு. இவற்றோடு காரணம் தெரியாத தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு, தாம்பத்திய ஆசை குறைவது, பிடித்த விளையாட்டைக்கூடப் பார்க்கத் தோன்றாமல் போவது எல்லாம் சேரலாம். ஓயாமல் வேலையில் மூழ்குவதும் சிலருக்கு இதன் இன்னொரு முகம். அதைப் பார்த்து ஊரே பாராட்டும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மருத்துவத்தில் வைத்திருக்கும் கோடு இரண்டு வாரம். பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, மனம் சரியில்லாமலோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவையும் கெட்டிருந்தால் அது தானாகப் போகும் என்று காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. பிஎச்க்யூ-9 (PHQ-9) என்ற கேள்வித்தாள் இதற்கு உதவும். 2001-இல் வெளியானது, இலவசம், தமிழிலும் உண்டு. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பைக் கேட்கும். அதற்கு 0 தவிர வேறு எதைப் போட்டாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தாளில் எனக்கு ஒரு குறை உண்டு. கோபத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் அது கேட்பதே இல்லை. அந்த இரண்டையும் நீங்களே கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் நோயைத் தீர்மானிப்பதில்லை. பேச்சை ஆரம்பிக்க ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவே.

பேசுவதற்கு முன்னால் எழுதிப் பாருங்கள்

உணர்ச்சியை எழுத வராது என்றால் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு:

“மூணு மாசமா விடியற்காலையில் விழிப்பு வந்தா திரும்பத் தூக்கம் வரதில்ல. போன வாரம் ரெண்டு தடவை பையன்கிட்ட காரணமே இல்லாம கத்தினேன். ஒரு சாதாரண மெயிலுக்குப் பதில் போட ஒரு மணி நேரம் ஆகுது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கு.”

நாலு வரி. சோகம், வலி, வெறுமை என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் படிக்கும் எந்த மருத்துவருக்கும், எந்த நல்ல நண்பருக்கும் விஷயம் புரிந்துவிடும். இந்தக் குறிப்பைத்தான் பின்னால் பேச்சுக்கும் பயன்படுத்தப்போகிறோம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் எழுத வந்தால் நல்லது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினமும் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார்கள். சம்பவத்தையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதி முடித்தவுடனே மட்டும் கொஞ்சம் மனபாரம் கூடியது போல இருந்திருக்கிறது. அதனால் படுக்கப் போகும் நேரத்தில் எழுதாதீர்கள். யாரும் படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாம்.

யாரிடம்?

மனைவியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கட்டாயமில்லை. பல ஆண்களுக்கு மனசில் உள்ளதைச் சொல்ல வாழ்க்கையிலேயே ஒரே ஆள்தான் இருக்கிறார். அவரும் அதே வீட்டுக் கடனுக்கும் அதே பிள்ளைகளுக்கும் கவலைப்படுகிறவர். அவரிடம் சொல்லக் கூடாது என்று இல்லை, ஆனால் அவர் ஒருவர் மட்டுமே என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

நெருக்கத்தைவிட இரண்டு குணங்களைப் பாருங்கள். அடுத்தவரின் ரகசியத்தை உங்களிடம் வந்து சொல்லாதவரா? யாராவது தடுமாறியபோது கிண்டல் செய்யாமல் இருந்தவரா? அப்படி ஒருவர் அண்ணனாக இருக்கலாம், பழைய வகுப்புத் தோழனாக இருக்கலாம், முன்பு கூட வேலை பார்த்தவராக இருக்கலாம். தினமும் பார்க்காத ஆளாக இருப்பது சில நேரம் வசதி. மறுநாள் காலையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

மேலதிகாரியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. விடுப்போ வேலை நேரத்தில் மாற்றமோ தேவைப்பட்டால் மருத்துவச் சான்றோடு பின்னால் பேசிக்கொள்ளலாம்.

அந்த ஒரு வாக்கியம்

எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது பல ஆண்களுக்கு விசாரணை மாதிரி இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தபடி, கை ஏதோ ஒரு வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். நடந்துகொண்டே பேசலாம், வண்டியில் போகும்போது பேசலாம், எதையாவது பழுது பார்க்கும்போது பேசலாம். ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிய ‘மென்ஸ் ஷெட்’ என்ற பட்டறைகள் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. வயதான ஆண்கள் மரவேலை செய்யக் கூடுவார்கள். மரத்தை இழைத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கதையும் உடம்புக் கதையும் வெளியே வந்துவிடும்.

முதலில் ஒரு குறுஞ்செய்தி போதும்:

“டேய், ரெண்டு மாசமா தூக்கமே சரியில்ல. மனசும் சரியில்ல. ஞாயித்துக்கிழமை ஒரு நடை போலாமா? ஐடியா எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்.”

மூத்தவரிடம் என்றால்: “அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். பணம் காசு இல்ல. கொஞ்ச நாளா நான் நானா இல்ல. எப்ப ஃப்ரீயா இருப்பீங்க?”

இரண்டிலும் முக்கியமான பகுதி, என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது. சொல்லாவிட்டால் எதிராளி உடனே தீர்வு தேட ஆரம்பித்துவிடுவார். ஜிம்முக்குப் போ, நாலு நாள் எங்காவது போய்விட்டு வா, தியானம் பண்ணு என்று. அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் அதுதான் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. “பணம் காசு இல்ல” என்பதும் சும்மா சேர்த்ததில்லை. நீண்ட நாள் கழித்து ஒருவர் “பேசணும்” என்றால் மனம் முதலில் அங்கேதான் போகும்.

நேரில் பார்த்ததும் அந்த நாலு வரிக் குறிப்பில் முதல் வரியைச் சொல்லுங்கள். தூக்கத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை சுலபமான வழி. தூக்கம் வரவில்லை என்று சொல்ல எந்த ஆணும் கூச்சப்படுவதில்லை. குரல் உடைந்தால் உடையட்டும், நிறுத்திவிட்டு நடங்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லி முடிக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பேச்சைக் குடித்துக்கொண்டே வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் சொல்வது சுலபம்தான், ஆனால் மறுநாள் “நேத்து போதையில ஏதோ உளறிட்டேன்” என்று நீங்களே அழித்துவிடுவீர்கள். கேட்டவரும் விட்டுவிடுவார்.

சிரித்துவிட்டால்?

“அட போடா, யாருக்குத்தான் கஷ்டம் இல்ல” என்ற பதில் வரலாம். நிறையப் பேருக்கு வருகிறது. ஒரு தடவை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள்: “விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே முடியல.” பாதிப் பேர் அந்த இடத்தில் முகம் மாறிக் கேட்க ஆரம்பிப்பார்கள். மீதிப் பேரை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள், வாதாட வேண்டாம். முதல் ஆள் சரியாக அமையாததை வைத்து “சொன்னால் இதுதான் நடக்கும்” என்று முடிவு கட்டுவதுதான் இந்த வழியில் பெரிய குழி.

மருத்துவரிடம்

வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைவது, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது இவையெல்லாம் மனச்சோர்வு மாதிரியே தெரியக்கூடியவை. இவற்றில் முதல் மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். பலத்த குறட்டை உண்டு, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஆனால் அங்கே போய் “தலைவலி டாக்டர்” என்று மட்டும் சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்குத்தான் அந்த நாலு வரிக் குறிப்பு. உள்ளே போனதும் அதை மேஜையில் வைத்துவிட்டு, “இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க டாக்டர், எனக்கு மனசு சரியில்லன்னு தோணுது” என்று சொல்லிவிடுங்கள். வாயால் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அவர் வேறு நிபுணரிடம் அனுப்பினால் யார் யார் என்று தெரிந்திருப்பது நல்லது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். ஒருவர் போதுமா, இரண்டு பேருமே தேவையா என்பது பாதிப்பின் அளவைப் பொறுத்தது.

பேச்சுவழிச் சிகிச்சை என்றதும், சாய்ந்து படுத்துக்கொண்டு சின்ன வயசுக் கதை சொல்வது நினைவுக்கு வந்தால், அது சினிமாவில். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இன்று பரவலாகக் கொடுக்கப்படுவது. அதில் வேலை நேரடியானது: எந்தச் சம்பவம், அப்போது மனசில் ஓடிய எண்ணம் என்ன, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கிறதா, அடுத்த வாரத்துக்குள் மாற்றி என்ன செய்து பார்க்கலாம். வீட்டுப்பாடம்கூட உண்டு. உணர்ச்சியைப் பேச வராத ஆண்களுக்கு இது ஒத்துப்போவதைப் பார்க்கலாம். ஒரு அமர்வு சுமார் 50 நிமிடம், பெரும்பாலும் வாரம் ஒன்று. முதல் அமர்வு விவரம் கேட்பதிலேயே போய்விடும், “ஒண்ணும் நடக்கலையே” என்று எழுந்து வந்துவிட வேண்டாம். மூன்று நாலு அமர்வு கழித்தும் அந்த ஆளோடு ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் மாறுவது சாதாரணம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொல்வது வெளியே போகுமா என்ற பயம் நியாயமானது. முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரகசியம் காப்பது அவர்களுடைய தொழில் கடமை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகள் மட்டும் விதிவிலக்கு.

மருந்து கொடுத்தால் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் போட்ட அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். ஆனால் குமட்டல், தூக்கம் கெடுவது போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆகவே ஆரம்பத்தில் தொல்லை மட்டுமே தெரியும், நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் வாய் திறக்காத இன்னொரு பக்கவிளைவு உண்டு: தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, விந்து வெளியேறத் தாமதமாவது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் இதைத் தினமும் கேட்கிறவர். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், எரிச்சல் வரலாம். குணமானது போலத் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்க வாய்ப்பு இருப்பதால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

குடியைப் பற்றி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மது படுத்தவுடன் தூங்க வைக்கும், ஆனால் ராத்திரியின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். சிலருக்கு அந்த மூணு மணி விழிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். ஆனால் தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் வீம்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத நேரங்கள்

வேலை போனது, விவாகரத்து, பணி ஓய்வு இவையெல்லாம் தெரிந்ததே. குழந்தை பிறந்த சமயத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னுமான காலத்தில் தந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தது தெரியவந்தது. எல்லோரும் தாயையும் சேயையும் விசாரிக்கும் நேரத்தில் தகப்பன் எங்கே போய்ச் சொல்வான்? குழந்தையைப் பார்க்க வரும் மருத்துவரிடமே சொல்லலாம், அவர் வழி காட்டுவார்.

உங்களிடம் ஒருவர் சொன்னால்

இதைப் படிக்கிறவர் அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புகிறவராக இல்லாமல் பெறுகிறவராகவும் இருக்கலாம். “தைரியமா இரு”, “இதுக்கெல்லாம் போய் ஃபீல் பண்றியா” இரண்டையும் விழுங்கிவிடுங்கள். “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்ல தொடக்கம். இடையில் வரும் மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் அதற்கு அடுத்துத்தான் நிஜமான விஷயம் வரும்.

சந்தேகமாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பல நேரம் பாரம் இறங்குகிறது. “ஆமாம்” என்று சொன்னால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். கூடவே இருந்து உதவி எண்ணுக்கு அழையுங்கள், இல்லையென்றால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

“இல்லை” என்று சொன்னால் மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துக்கொடுங்கள். முடிந்தால் அன்றைக்குக் கூடவே போங்கள், உள்ளே போகாமல் வெளியே காத்திருந்தாலும் போதும். அப்புறம் இரண்டு நாள் கழித்து நீங்களாக ஒரு செய்தி அனுப்புங்கள். முதல் தடவை சொல்லிவிட்ட ஆண், அடுத்த தடவை தானாக வந்து சொல்வது அபூர்வம். “எப்படி இருக்க?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்ச?” என்று கேளுங்கள்.